108 பேர் சேர்ந்த பிறகு

சுய்கோடென் விளையாடியவர்களிடம் ‘ஒன்றா, ரெண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் ‘ரெண்டுதான்’ என்று பதில் வந்துவிடும். காரணமும் தயாராக இருக்கும். ரெண்டு பெரிசு, கதை ஆழம், லூகா பிளைட் மாதிரி ஒரு வில்லனை வேறெந்த கேமிலும் பார்க்க முடியாது, அழ வைத்துவிட்டது. எனக்கும் ரெண்டுதான். ஆனால் இந்தக் காரணங்கள் எதுவும் எனக்குப் போதவில்லை. பெரிசாக இருப்பதும் அழவைப்பதும் ஒரு படைப்புக்குத் தகுதி என்றால் இரவு ஏழரை மணி சீரியல்களுக்கு நாம் சிலை வைக்க வேண்டும். முதல் பாகம் நம்பிய ஒன்றை இரண்டாம் பாகம் நம்ப மறுக்கிறது. அதை எங்கே, எப்படி மறுக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம் இது. முதல் பாகம் ஜப்பானில் 1995 டிசம்பரில் வந்தது, இரண்டாவது 1998 டிசம்பரில். இரண்டையும் எழுதி இயக்கியவர் யோஷிதாகா முராயாமா. 2024 பிப்ரவரியில், 55 வயதில் இறந்துபோனார். 2025 மார்ச் 6ஆம் தேதி இரண்டு பாகங்களும் மெருகேற்றப்பட்டு ஒரே தொகுப்பாக வெளிவந்தன. 2025இல் உட்கார்ந்து இதைப் பற்றி எழுத அதுவே சாக்கு. இரண்டு கதைகளுக்கும் அமைப்பு ஒன்றுதான். போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பையன் தலைவனாக்கப்படுகிறான். பாழடைந்த கோட்டை ஒன்று கிடைக்கிறது. ஊர் ஊராகப் போய் 108 பேரைச் சேர்த்து அந்தக் கோட்டையை நிரப்ப வேண்டும்.

108 என்றதும் நமக்குத் தேங்காயும் ஜெபமாலையும் ஞாபகம் வரும். இந்த 108 சீனத்திலிருந்து வந்தது. ‘சுய்கோடென்’ என்பது ‘ஷுய்ஹூ ஜுவான்’ என்ற பழைய சீன நாவலின் பெயரை ஜப்பானியர்கள் உச்சரிக்கும் விதம். நீரோரத்துச் சதுப்பில் கூடிய 36 வான நட்சத்திரங்கள், 72 பூமி நட்சத்திரங்கள், மொத்தம் 108 கலகக்காரர்களின் கதை. பண்டமாரானில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஆபெக் ஒருவர் 1998இல் வந்த அதன் சீனத் தொலைக்காட்சித் தொடரை இன்னமும் போட்டுப் பார்க்கிறவர். கேமைப் பற்றிச் சொன்னபோது எல்லாரையும் சேர்த்துவிட்டாயா என்று கேட்டார். சேர்த்துவிட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே ‘லாஸ்-லாஸ் செமுவா மாத்தி’ என்றார். கடைசிகடைசியாக எல்லாருமே செத்துப்போவார்களாம்.

அவர் சொன்னது நாவலின் நீண்ட வடிவம். அதில் 108 பேரும் கூடிய பிறகு பேரரசன் மன்னிப்பு வழங்குகிறான். இவர்களை மற்ற கலகக்காரர்கள் மீது ஏவிவிடுகிறான். பெரும்பாலானவர்கள் அந்தப் போர்களில் அழிகிறார்கள். 1641இல் ஜின் ஷெங்டான் என்ற விமர்சகர் அந்தப் பின்பாதியை அப்படியே வெட்டி, 108 பேரும் கூடுகிற இடத்தோடு 70 அத்தியாயங்களில் கதையை முடித்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார். சீனாவில் வெகுகாலம் அதிகம் படிக்கப்பட்டது அந்தக் குட்டைப் பதிப்புதான். ஆச்சரியமில்லை. கூடுவதோடு கதை முடிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

முதல் சுய்கோடென் அந்தக் குட்டைப் பதிப்பின் மனநிலையில் இருக்கிறது.

அதில் நீங்கள் பேரரசின் பெருந்தளபதி தியோ மெக்டோலின் மகன். நண்பன் டெட் சாகும் நிலையில் ‘சோல் ஈட்டர்’ என்ற ரூனை உங்கள் கையில் ஒப்படைக்கிறான். பெயர் சொல்வது போலவே அது உயிர் தின்னும். அதிலும் வைத்திருப்பவனுக்கு நெருக்கமானவர்களின் உயிரைத்தான் தேடித் தின்னும். தின்னத் தின்ன அதன் பலம் கூடும். பலம் கூடினால் சண்டையில் உங்களுக்கு லாபம். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவன் சாதாரண ஆளில்லை. நாவலில் எழுதினால் இது ஒரு உருவகம், அவ்வளவுதான். இங்கே உங்களை வளர்த்த ஆள் செத்த அரை மணி நேரத்தில், அந்தச் சாவினால் கூடிய பலத்தை வைத்து நீங்களே அடுத்த சண்டையை ஜெயிக்கிறீர்கள்.

அந்த ஆள் கிரெமியோ. வேலைக்காரன், வளர்ப்புத்தாய், சமையல்காரன், எல்லாம் அவன்தான். சிறைக்குள் தளபதி மிலிச் மனிதனைத் தின்னும் வித்துகளைத் திறந்துவிடுகிறான். கிரெமியோ உங்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளி, தான் வெளியே நின்று பூட்டிக்கொள்கிறான். திறந்து பார்க்கும்போது மேலங்கியும் கோடாரியும் மட்டும் கிடக்கின்றன. 1995ஆம் வருடத்துப் பொம்மை உருவங்கள். முகம்கூடச் சரியாகத் தெரியாது. கதவுக்கு வெளியிலிருந்து அவன் பேசிக்கொண்டே இருக்க, நாம் பொத்தானை அழுத்தி அழுத்தி அடுத்த வரியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அழுத்தாவிட்டால் அவன் சாகமாட்டான். இது எழுதுகிறவன் திட்டமிட்டதோ இல்லையோ, விளைவு அப்படித்தான்.

பிறகு மிலிச்சைத் தோற்கடிக்கிறீர்கள். அவன் சூனியக்காரி விண்டியின் ரூனால் ஆட்டிவைக்கப்பட்டவன் என்று தெரிகிறது. மன்னிக்கலாம், கொல்லலாம். இங்கேதான் முதல் பாகத்தின் கணக்கு வெளியே தெரிகிறது. மிலிச் 108 பேரில் ஒருவன். அவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எண்ணிக்கை நிறையாது. எண்ணிக்கை நிறைந்தால் கடைசிப் போருக்கு முன்னால் கிரெமியோ உயிரோடு திரும்புவான். ஆகவே, கொன்றவனை மன்னிப்பதற்குக் கூலி செத்தவனின் உயிர். முதல் தடவை விளையாடும்போது இது தெரியாது, மனசு கொதிக்கும். இரண்டாம் தடவை தெரிந்திருக்கும், யோசிக்காமல் ‘மன்னி’ என்று அழுத்துவீர்கள். ஆடத் தெரிந்தவனுக்கு அங்கே மன்னிப்பே நடப்பதில்லை, கொடுக்கல் வாங்கல்தான் நடக்கிறது.

பான் விஷயமும் இதேதான். டெட்டைப் பேரரசிடம் காட்டிக்கொடுத்தவன் அவன். திருந்தி வந்து, மற்றவர்கள் தப்பிக்கும்வரை தியோவைத் தனியாளாகத் தடுத்து நிற்கிறான். அங்கே அவன் செத்தால் 108 உடைந்துபோகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே அவனைக் கொல்லனிடம் கூட்டிப்போய் ஆயுதத்தைக் கூராக்கி, சண்டைகளில் பழக்கி வைத்துக்கொள்வார்கள். துரோகியின் பிராயச்சித்தத்துக்கு நாம் பட்ஜெட் போடுகிறோம்.

இதையெல்லாம் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஆள் சேர்ப்பதில் இருக்கும் சந்தோஷத்தை இந்த கேமைப் போல வேறெதுவும் தந்ததில்லை. காலிக் கோட்டையில் முதலில் ஒரு கடைக்காரன் வருவான். பிறகு சலவை செய்கிறவள், குளியலறை கட்டுகிறவன், லிஃப்ட் செய்கிறவன். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒரு மூலை. ஏரி நடுவில் செத்துக் கிடந்த பாறை கொஞ்சம் கொஞ்சமாக ஊராகும். நான் இருக்கும் பண்டமாரானே அப்படிச் சேர்க்கப்பட்ட ஊர்தான். அவசரகாலத்தில், 1950களில், சீனர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமம் ஒருபக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மூட்டையோடு வந்து கிள்ளானைச் சுற்றி ஒதுங்கிய நம் ஆட்கள் இன்னொருபக்கம். விரும்பி வந்தவர்கள் குறைவு. ஆனாலும் யாரோ ஒருவர் கடை போட்டார், யாரோ ஒருவர் சாமியை வைத்தார். கோட்டை நிரம்புவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

நமக்கு இந்தக் கதை பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மலேசியாவில் நாம் ஏழு விழுக்காடுகூட இல்லை. சின்ன வயதிலிருந்து எந்த மேடையைப் பார்த்தாலும் ஒரே பேச்சு, ‘நாம் ஒண்ணு சேரணும்’. சேர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது பேசப்படாத பாதி. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் பல்லாயிரம் பேர் நிஜமாகவே சேர்ந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. கண்ணீர்ப்புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் டிவியில் பார்த்தேன். அடுத்த வருடத் தேர்தலில் நாடே ஆடியது. அதற்கப்புறம் ஹிண்ட்ராஃப் பிளவுபட்டது. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்ல இது இடமில்லை. கூடிய பிறகு என்ன என்ற கேள்விக்கு நம்மிடம் கதையே இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஜின் ஷெங்டான் வெட்டி எறிந்த பகுதி அது.

இரண்டாம் பாகம் அந்தப் பகுதிக்குள் போகிறது.

தொடக்கமே ஒரு துரோகம். ஹைலண்ட் நாட்டின் இளைஞர் படையில் இருக்கும் இரண்டு பையன்கள், நீங்களும் ஜோவியும். சமாதான உடன்படிக்கை முடிந்து நாளை வீட்டுக்குப் போகப்போகிறீர்கள். அன்று இரவு இளவரசன் லூகா பிளைட் உங்கள் படையை, தன் நாட்டுப் பிள்ளைகளையே, வெட்டிச் சாய்க்கிறான். பழியை எதிரி மேல் போட்டு மறுபடி போர் தொடங்க வேண்டும், அதுதான் திட்டம். பிழைத்த இருவருக்கும் ஒரே ரூனின் இரண்டு பாதிகள் கிடைக்கின்றன. உங்களுக்குக் கேடயம், அவனுக்கு வாள். நீங்கள் ஒரு பக்கம் ஆள் சேர்க்கத் தொடங்குகிறீர்கள். ஜோவி எதிர்ப்பக்கம் போகிறான். மியூஸ் நகரத் தலைவி அனபெல்லைக் கொல்கிறான், லூகாவின் தங்கையைக் கட்டுகிறான், கடைசியில் ஹைலண்டின் அரசனாகவே ஆகிறான்.

தமிழ் வாசகன் உடனே ‘கர்ணன்’ என்பான். என் நண்பர்களும் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. கர்ணன் எதிர்ப்பக்கம் நிற்பது செஞ்சோற்றுக் கடனுக்காக. ஜோவிக்கு யாரிடமும் கடன் கிடையாது. ஊரை எரித்ததில் பெற்றோரை இழந்து பேச்சும் நின்றுபோன பிலிக்கா என்ற குழந்தையைப் பார்த்த பிறகு, இந்தப் போர் நிற்க வேண்டுமென்றால் இந்த நிலம் முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் வர வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். நீங்கள் விரும்புவதும் அதே சமாதானம்தான். வலுவான பக்கத்தின் தலைக்கு ஏறிவிட்டால் சீக்கிரம் முடியும் என்பது அவன் கணக்கு. கர்ணன் கதையில் யார் பக்கம் நியாயம் என்று நமக்குத் தெரியும். இங்கே இருவருமே ஆள் சேர்க்கிறார்கள், ஒரே காரணத்துக்காக. நீங்கள் ஒவ்வொரு புது ஆளைக் கோட்டைக்குக் கூட்டிவரும்போதும் அது ஜோவியின் மேல் ஏவப்போகிற இன்னொரு ஆள்.

லூகாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். உயிருக்குக் கெஞ்சும் பெண்ணைப் பன்றி மாதிரி கத்தச் சொல்லி, கத்திய பிறகு கொல்கிற காட்சி இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அவனை வீழ்த்த ஆறாறு பேராக மூன்று குழுக்கள், மொத்தம் 18 பேர் போக வேண்டும். அதற்குப் பிறகும் நிற்பான். மரத் தாயத்துக்குள்ளிருந்து மின்மினிகள் பறக்க, இருட்டில் அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து அம்புகள் பாயும். அதற்கப்புறம் நேருக்கு நேர் ஒரு சண்டை. பிரமாதமான காட்சிதான். இருந்தாலும் கேமின் முக்கியமான முடிவு லூகா சாவது அல்ல, அவன் செத்தும் போர் நிற்காமல் இருப்பது. கதையின் நடுவிலேயே அரக்கன் செத்துவிட்டான். 108இல் பெரும்பகுதியும் சேர்ந்துவிட்டது. முதல் பாகத்தின் தர்க்கப்படி பார்த்தால் இப்போது பட்டாசு வெடித்திருக்க வேண்டும். மாறாக, எதிர்ப்படையின் தலைமைக்கு உங்கள் நண்பன் வருகிறான்.

குறைகள் இருக்கின்றன. லூகா போன பிறகு டின்டோ நகரத்து ரத்தக்காட்டேரி நெக்லார்டைத் துரத்திக்கொண்டு கதை சுரங்கத்துக்குள் வழிதவறிப் போகிறது. ஜோவி செய்கிற பெரிய காரியங்கள் பலவற்றை நாம் துண்டுதுண்டாகத்தான் பார்க்கிறோம். அவன் மனசு மாறும் இரவு ஒன்றை எழுதியிருக்க வேண்டும், முராயாமா எழுதவில்லை. 1999இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவசரத்தில் செய்தது, சில காட்சிகளில் இசையே காணாமல் போயிருந்தது. படைகள் மோதும் போர்களில் நாம் ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பல நேரம் கதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அம்பு, மந்திரம், பாய்ச்சல் என்று கல்-கத்தி-காகிதம் மாதிரி ஆடும் முதல் பாகத்துப் போர்தான் எனக்கு இதைவிட விறுவிறுப்பு.

ஆனால் அந்த டின்டோவில் ஒரு இடம் இருக்கிறது. அக்கா நனாமி இரவில் வந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போகலாம் வா என்கிறாள். கேமில் இதற்கு ‘சரி’ என்று சொல்ல முடியும். சொன்னால் நிஜமாகவே ஓடுகிறீர்கள். ஓடிக்கொண்டே இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவள் கேட்பது கோழைத்தனமான கேள்வி என்று கேம் எங்கேயும் கிண்டல் செய்யவில்லை. 108 பேரின் தலைவனுக்கு ஒரு வீடு இருந்தது என்று ஞாபகப்படுத்த அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஆட்களை எண்ணிக்கையாகப் பார்ப்பதையும் இரண்டாம் பாகம் குறைத்துக்கொள்கிறது. துப்பறியும் ரிச்மண்டைச் சேர்த்தால், கோட்டையில் இருக்கும் ஒவ்வொருவரின் ரகசியத்தையும் அவனை வைத்து விசாரிக்கலாம். கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத சில்லறை ரகசியங்கள், அதனாலேயே அருமை. சமையல்காரன் ஹாய் யோவுக்காக நடக்கும் போட்டிகளில் உங்கள் வீரர்களே நடுவர்களாக உட்கார்ந்து, ருசி பிடிக்காவிட்டால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். (முக்குமுக்கு என்ற பறக்கும் அணில் கூட்டத்தைச் சேர்க்க நான் செலவழித்த நேரத்தை இங்கே வெளியிடப்போவதில்லை.) போர்த்தந்திரி ஷூ, முதல் பாகத்துத் தந்திரி மாத்யூ துரத்திவிட்ட சீடன். அவனை அழைக்க வந்த ஆப்பிளிடம் ஒரு காசை ஆற்றில் போட்டு, எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்கிறான். அவள் இறங்கித் தேடுகிறாள். கோட்டையாக மாறும் நார்த் விண்டோவும் விக்டரின் சொந்த ஊர், முன்பு நெக்லார்ட் அழித்த ஊர். முதல் பாகத்தில் கோட்டை என்பது காலி இடம். இரண்டாவதில் அது யாரோ ஒருவரின் சுடுகாடு.

இப்போது பொத்தான்களுக்கு வருகிறேன். இரண்டு பாகங்களிலும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை ஒரே மாதிரிதான். தாக்கு, ஆவேசமாகத் தாக்கு, தடு. எதிராளி பேசும் வரியைக் கேட்டு மூன்றில் ஒன்றை ஊகிக்க வேண்டும். முதல் பாகத்தில் இதே மூன்று பொத்தான்களை வைத்து மகன் தன் தந்தை தியோவைக் கொல்கிறான். வேறு வழி இல்லை, தோற்றால் கேம் ஓவர். தியோவும் மகனை நினைத்துப் பெருமையோடு சாகிறார். அரசன் மேல் விசுவாசம், மகன் மேல் பாசம், இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு செத்த தந்தை. நம் பழைய படங்களில் வந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் ஹைலண்ட் விழுந்துவிட்டது. நீங்கள் ஷூவிடம் போய் நாட்டின் தலைமையை ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் ஒரு முடிவு. இல்லாவிட்டால், ஆரம்பத்தில் தப்பியோடும்போது பிரிந்தால் இங்கே சந்திப்போம் என்று பாறையில் கீறி வைத்த தென்சான் கணவாய்க்குப் போகலாம். ஜோவி அங்கே காத்திருக்கிறான். சண்டைக்கு இழுக்கிறான். அதே மூன்று பொத்தான்கள். நாற்பது மணி நேரமாக உங்கள் விரல் பழகியிருப்பது தாக்குவதற்கு. இங்கே தடுக்க மட்டுமே வேண்டும். அவன் அடிக்க, நீங்கள் தடுக்க, அவனே தளர்ந்து விழுகிறான். என்னை முடித்துவிடு என்று கேட்கிறான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அவன் திரும்பக் கேட்டாலும் திரும்பச் சொல்ல வேண்டும். 108 பேரைச் சேர்த்திருந்தால் அவன் பிழைப்பான்.

முதல் பாகத்தில் 108 பேரைச் சேர்த்ததற்குப் பரிசு செத்தவன் திரும்புவது. இங்கே பரிசு, கொல்லாமல் இருக்க முடிவது. அதற்கப்புறம் நாடும் இல்லை, பதவியும் இல்லை. ஜோவியும், செத்ததாக நம்பவைக்கப்பட்ட நனாமியும், நீங்களும் கிளம்பிப் போகிறீர்கள். முதல் பாகத்திலும் நாயகன் கொண்டாட்ட இரவில் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகிறான். ஆனால் அது கதை எடுத்த முடிவு. இங்கே நீங்கள் எடுக்கிறீர்கள். நமக்கு இது புதிதல்ல. மதுரையை எரித்த காப்பியத்துக்கு அடுத்த காப்பியத்தில் ஒரு பெண் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு நடக்கிறாள். மணிமேகலையைச் ‘சுவாரஸ்யம் குறைவு’ என்று ஒதுக்குகிறவர்கள் சிலப்பதிகாரத்தின் தீயை மட்டும் பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

முராயாமா பழைய பழக்கத்தை முழுதாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராக்ஆக்ஸ் கோட்டையில் நனாமி மேல் அம்பு பாயும் இடத்தில் அவள் பிழைக்க வேண்டுமானால் அதற்கு முன்பே 108 பேர் சேர்ந்திருக்க வேண்டும், திரையில் வரும் பதிலையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வேண்டும். பாசத்துக்கு ஸ்டாப்வாட்ச். நிதானமாக வாசிக்கிற வாசகனுக்கு அக்கா கிடையாது. இவ்வளவு நல்ல கேமில் இவ்வளவு மட்டமான யோசனை.

புதிய தொகுப்பில் முதல் பாகத்தின் முகங்களை ஜுன்கோ கவானோ மறுபடி வரைந்திருக்கிறார். சண்டையை வேகமாக ஓட்டலாம், தானாகவே சேவ் ஆகும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் வரிசையாக ஆடுங்கள். முதலாவது இருபது மணி நேரம்தான். அதை முடித்த சேவை இரண்டாவதில் ஏற்றினால் சில ஆட்களின் பலம் கூடி வரும், பழைய நாயகனையும் சந்திக்கலாம்.

மூன்று வருடம் கழித்து அவன் பானர் என்ற சிற்றூரில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். யாரும் கிட்டே வராதபடி கிரெமியோ வழியில் காவல் நிற்கிறான். சோல் ஈட்டர் இன்னமும் அவன் கையில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் வருவான், வந்தால் சண்டைகள் சுலபமாகும். ஆனால் அவன் இரண்டாம் பாகத்தின் 108இல் சேர்த்தி இல்லை. இந்த முறை நான் அந்த ஊருக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டு, அவனைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.